இரண்டு படகுகள், ஒரு சாண் வித்தியாசம்

வளைகுடாவில் இருந்த வருடங்களில் என் கணவர் பார்த்த வேலை, படகு என்ஜின்களைப் பழுது பார்ப்பது. கடலை ஒட்டிய ஒரு பட்டறை. வெள்ளிக்கிழமையானால் அந்த ஊர்க் குடும்பங்கள் அலுமினியப் படகுகளில் ஏறிக் கடலுக்குள் ஒரு சுற்றுப் போய்வருமாம். அப்பா என்ஜின் பக்கம், அம்மா நடுவில், பிள்ளைகள் முன்னால், காலடியில் சாப்பாட்டுக் கூடை. அவர்கள் கிளம்புமுன் என்ஜினை ஓட்டிப் பார்த்து, சரி என்று கையைக் காட்டிவிட்டுக் கரையில் ஏறிக்கொள்வது இவர் வேலை. இதை அவர் கடிதத்தில் எழுதியதே இல்லை. ஊருக்கே திரும்பி வந்த பிறகு ஒருநாள் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்.

அவர் இனிமேல் போவதில்லை என்று வந்தது தொண்ணூறுகளின் நடுவில். தச்சநல்லூரில் எங்கள் வீட்டுக்கு முன்பக்கமே பம்புசெட் மோட்டார் பழுது பார்க்கும் கடை போட்டார். நான் டவுணில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். மகள் பாளையங்கோட்டையில் ஒன்பதாவது படித்தாள். மகன் இரண்டாவது. அதுவரை நாங்கள் மூன்று பேரும் ஒரு ஒழுங்கில் இருக்கப் பழகியிருந்தோம். காலையில் யார் முதலில் குளிப்பது, யார் பால் வாங்கி வருவது, யார் கதவைப் பூட்டிச் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுப்பது எல்லாம் பேசாமலே நடக்கும். அதற்குள் நான்காவதாக ஒருவர் வந்து, சொந்த வீட்டிலேயே எந்த இடத்தில் நிற்பது என்று தெரியாமல் நின்றார். அடுக்களைக்குள் வந்தால் நான் இடிப்பேன். கூடத்தில் உட்கார்ந்தால் மகள் புத்தகத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போவாள்.

மகன் இரண்டே வாரத்தில் அவரோடு ஒட்டிக்கொண்டான். மகள் ஒட்டவில்லை. லீவுக்கு வரும்போது பெட்டியும் சோப்பு வாசனையுமாக வந்து, பழகுவதற்குள் கிளம்பிவிடுகிற ஆள்தான் அவளுக்கு அப்பா. சண்டை எதுவும் கிடையாது. கேட்டதற்குப் பதில் சொல்வாள், தானாகப் பேசமாட்டாள். "அப்பாவைச் சாப்பிடக் கூப்பிடு" என்று அனுப்பினால் கடை வாசலில் நின்று, "சாப்பாடு" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பிவிடுவாள்.

இந்த நிலைமையில்தான் அவர் என்னிடம் சொன்னார். "தூத்துக்குடியில ரெண்டு படகு விலைக்கு வந்திருக்கு. அலுமினியம். என்ஜினோட. பாத்துட்டு வருவோமா?"

"யாருக்கு?"

"நமக்குத்தான்."

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

"ஞாயித்துக்கிழமை நாலு பேருமா ஆத்துல போவலாம்லா. கெழக்க அணைக்கட்டுக்கு மேல எம்புட்டுத் தண்ணி நிக்கி. என் சித்தப்பா மகன் வாழைத்தோட்டம் கரையிலதான் கெடக்கு. அங்கன கட்டிப்போட்டா யாரு என்ன கேக்கப் போறா?"

ஆற்றில் குளிக்கத்தான் எல்லோரும் போவார்கள். துணி துவைக்க, மாடு கழுவ, காரியம் செய்யப் போவார்கள். அதில் என்ஜின் படகு விட்டுக் குடும்பத்தோடு சுற்றுவது என்பது எங்கள் பக்கம் யாரும் கேள்விப்படாதது. என்ன பேசுவார்கள் என்பதுதான் எனக்கு முதலில் தோன்றியது. ஆனால் அவர் முகத்தைப் பார்த்தபோது வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை.

நான்கு பேரும் தூத்துக்குடிக்குப் பஸ் ஏறினோம். துறைமுகம் போகும் சாலையில் ஒரு பழைய இரும்பு வியாபாரி. அவருடைய கொட்டகைக்குப் பின்னால், வெயிலில், இரண்டு படகுகளும் பக்கம் பக்கமாகக் கிடந்தன. கடலில் ஆழம் பார்க்கும் வேலைக்காக ஒரு காண்ட்ராக்டர் கொண்டுவந்தவை, வேலை முடிந்ததும் விற்றுவிட்டுப் போய்விட்டார் என்று வியாபாரி சொன்னார். எனக்கு இரண்டும் ஒன்றாகவே தெரிந்தன. ஒரே நீளம், ஒரே மங்கிய வெள்ளி நிறம், குறுக்கே மூன்று மூன்று பலகை, பின்னால் ஒரே மாதிரி என்ஜின்.

என் கணவர் சட்டையைக் கழற்றிவிட்டு அடியில் குனிந்து போய்ப் பார்த்தார். ரிவிட்டு ஆணிகளை ஒவ்வொன்றாக விரலால் தடவினார். படகின் பக்கச் சுவரைச் சாண் போட்டு அளந்தார். கடைசியில் எழுந்து நின்று சொன்னார். "இது கொஞ்சம் லேசு. பக்கம் தாழ்வா இருக்கு. அது ஒரு சாண் ஒசரம். தகடும் தடிப்பு. வேற ஒரு வித்தியாசமும் இல்ல."

"ஒசந்ததையே எடுங்க. பிள்ளையள் எட்டிப் பாத்தா விழாதுலா" என்றேன்.

"ஆத்துல மணல் மேடு இருக்கும். தட்டிட்டா எறங்கித் தூக்கணும். லேசா இருந்தாத்தான் நல்லது."

மறுபடி அடியில் போனார். வெயில் ஏறியது. வியாபாரி பொறுமை இழந்துவிட்டார். "அண்ணாச்சி, ரெண்டும் அண்ணன் தம்பி மாதிரிதான் வே. எதைக் கொண்டுபோனாலும் தண்ணியிலதான் மெதக்கும். சின்னப் பிள்ளையள வெயில்ல நிப்பாட்டாதேயும்."

முடிவு எடுக்காமலே திரும்பினோம்.

அந்த வாரம் முழுவதும் வீட்டில் வேறு பேச்சே இல்லை. கடையில் மோட்டார்கள் பிரித்தபடி கிடக்க, அவர் மொட்டை மாடியில் சாக்கட்டியால் இரண்டு படகையும் அதே அளவில் வரைந்தார். உள்ளே பலகைகளையும் கோடு போட்டார். சாயங்காலம் எங்களை மேலே கூப்பிட்டார். மகன் ஓடிப்போய் முன்பலகைக் கோட்டில் உட்கார்ந்தான். நான் சேலையை ஒதுக்கிக்கொண்டு நடுவில் உட்கார்ந்தேன். அவர் பின்னால் உட்கார்ந்து கையை நீட்டி என்ஜின் கைப்பிடியைப் பிடிப்பதுபோல் வைத்துக்கொண்டார். முன்பலகையில் மகனோடு மகளுக்கும் இடம் விட்டிருந்தார். அவள் தண்ணீர்த் தொட்டியில் சாய்ந்து நின்றாள்.

"வந்து உக்காரும்மா. இதுல காலு நீட்ட முடியுதா, அதுல முடியுதான்னு பாக்கணும்."

"ரெண்டுல எதை வாங்குனாலும் நானும் வரணுமா?" என்று கேட்டாள். குரலில் எரிச்சல் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அதனாலேயே அது கூடுதலாக வலித்திருக்கும்.

அவர் நீட்டியிருந்த கையை மடக்கி மடியில் வைத்துக்கொண்டார். பிறகு, "வந்தா நல்லா இருக்கும்" என்றார்.

அவள் வந்து உட்கார்ந்தாள். இரண்டு படகிலும் உட்கார்ந்து எழுந்தாள். "ரெண்டும் ஒண்ணுபோலத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டுக் கீழே போய்விட்டாள்.

அன்று எங்களுக்குள் சண்டை வந்தது. நான் உயரமான பக்கத்தையே பிடித்துக்கொண்டேன். அவர் லேசான படகையே சொன்னார். பேசப்பேச அது வேறெங்கோ போனது. "பிள்ளையளுக்கு எது ஆபத்துன்னு எனக்குத் தெரியும். இவ்வளவு நாளும் நாந்தான பாத்தேன்" என்றேன். "படகைப் பத்தி எனக்குத் தெரியும். அதையாவது எனக்கு விடு" என்றார். இரண்டு நாள் பேசாமல் இருந்தோம். மூன்றாம் நாள் அவர் தனியாகத் தூத்துக்குடி போனார். வந்து, "ஒசந்ததையே எடுத்துட்டேன்" என்றார். அவருக்குத் தெரிந்ததை விட்டுவிட்டு நான் சொன்னதை வாங்கியிருந்தார். எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். பயமாகத்தான் இருந்தது.

படகு லாரியில் நேரே வாழைத்தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தது. கூடவே ஆரஞ்சு நிறத்தில் நான்கு மிதவைச் சட்டைகள் வாங்கியிருந்தார். அதைப் போடாமல் யாரும் ஏறக்கூடாது என்பது அவர் கட்டளை. முதல் ஞாயிற்றுக்கிழமை எலுமிச்சம்பழச் சாதமும் உருளைக்கிழங்கும் கட்டிக்கொண்டு போனோம். துறையில் துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் கல்லை விட்டு எழுந்து நின்று பார்த்தார்கள். எனக்குத் தலை நிமிரவில்லை. என்ஜின் சத்தத்தில் கொக்குகள் கரையோரமாக எழும்பின. மகன் கத்திக்கொண்டே வந்தான். மகள் புவியியல் புத்தகத்தை மடியில் விரித்துக்கொண்டு ஒரு பக்கமும் புரட்டாமல் இருந்தாள். பின்னால் திரும்பிப் பார்த்தேன். அவர் எங்கள் மூன்று பேரையும் பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீரைப் பார்க்கவில்லை. கல்யாணமானதிலிருந்து அவரை அப்படி நான் பார்த்ததில்லை.

அதுபோல இன்னும் சில ஞாயிற்றுக்கிழமைகள் போனோம். மகள் வரமாட்டேன் என்று சொல்லவில்லை.

ஐப்பசி பிறந்திருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் பக்கம் வானம் வெளுத்துத்தான் இருந்தது. மேற்கே மலைப்பக்கம் மட்டும் கருத்திருந்தது. அணைக்கட்டிலிருந்து மேலே போகப்போக ஆறு இரண்டாகப் பிரியும். நடுவில் நாணல் வளர்ந்த மணல் திட்டு. அதற்கு அந்தப் பக்கத்துக் கிளையில் பழைய கல்மண்டபம் ஒன்று பாதி மணலில் புதைந்து நிற்கும். மகன் அதைப் பார்க்க வேண்டும் என்றான். அவர் அந்தக் கிளைக்குள் படகைத் திருப்பினார். மண்டபத்தைக் கொஞ்சம் தாண்டியதும் அடியில் சரசரவென்று சத்தம் கேட்டது. படகு மணலில் ஏறி உட்கார்ந்துவிட்டது.

அவர் என்ஜினை நிறுத்தி, தண்ணீருக்கு மேலே தூக்கிக் கொக்கி மாட்டிவிட்டு இறங்கினார். முழங்காலளவு தண்ணீர். தள்ளினார், நகரவில்லை. நானும் இறங்கினேன். மகளும் இறங்கினாள். மூன்று பேரும் சேர்ந்து தள்ளியும் அசையவில்லை. அவர் மூச்சு வாங்க நிமிர்ந்து, எங்கோ பார்த்தபடி சொன்னார். "மத்ததை எடுத்திருந்தா இந்நேரம் தூக்கி வச்சிருக்கலாம்."

எனக்குச் சுள்ளென்று ஏறிவிட்டது. "நானா உங்களை இதுக்குள்ள கொண்டாரச் சொன்னேன்?"

"நீதான ஒசரம் ஒசரம்னு நின்னே."

"வாங்கிக்கிட்டு வந்து இப்பச் சொல்லுதியளா? அப்பவே முடியாதுன்னு சொல்லுததுக்கென்ன?"

"சொன்னா நீ கேப்பியா? இந்த வீட்டுல நான் சொல்லி எது நடந்திருக்கு?"

முழங்கால் தண்ணீரில், பிள்ளைகளை வைத்துக்கொண்டு, வருடக்கணக்காகச் சேர்த்து வைத்ததையெல்லாம் பேசினோம். அவர் இல்லாமல் மகனுக்குக் காய்ச்சல் வந்த மழைக்காலத்தை நான் சொன்னேன். தன் தகப்பனார் சாவுக்கு வர முடியாமல் வளைகுடாவில் தகரக் கொட்டகையில் படுத்துக் கிடந்ததை அவர் சொன்னார். எவ்வளவு நேரம் என்று தெரியாது.

"தண்ணி நெறம் மாறுது" என்றாள் மகள்.

இரண்டு பேரும் குனிந்து பார்த்தோம். தெளிந்து ஓடிய தண்ணீர் செம்மண் கரைத்ததுபோல் இருந்தது. சருகும் சுள்ளியும் நுரையுமாக வந்தன. முழங்காலில் இருந்த தண்ணீர் தொடைக்கு வந்திருந்தது.

"ஏறு. எல்லாரும் ஏறுங்க" என்றார். எங்களை ஏற்றிவிட்டு, முன்கயிற்றைக் கையில் சுற்றிப் பிடித்துக்கொண்டு அவர் மட்டும் கீழே நின்றார். படகு தானாகவே மிதந்தது. மிதந்த வேகத்தில் தண்ணீர் அதைச் சுழற்றி மண்டபத்தின் பக்கம் தள்ளியது. அவர் இடையில் புகுந்து தடுக்கப் பார்த்தார். படகுக்கும் கல்தூணுக்கும் நடுவே அவருடைய இடது கால் மாட்டியது. அந்தச் சத்தத்தை நான் கேட்டேன். அவர் கத்தவில்லை. படகு தூணை விட்டு விலகியதும், முகம் வெளுத்துப்போய், அதன் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கினார்.

நான் அவர் கைக்கு அடியில் பிடித்து மேலே இழுத்தேன். முடியவில்லை. நான் கேட்டு வாங்கிய அந்த ஒரு சாண் உயரம் நடுவில் நின்றது. அவருக்கு ஊன்றி எழும்பக் கால் இல்லை. மகன் என் சேலையைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. என் தோளுக்கு மேலாக மகளைப் பார்த்துச் சொன்னார். "எம்மா, பின்னால போ. பைய போ. அந்தக் கொக்கியை விடு, என்ஜின் எறங்கும்."

அவள் போனாள். என்ஜின் தண்ணீருக்குள் இறங்கியது.

"என்ஜின் கயித்தைப் பிடி. பைய இழுக்காத. ஒரே இழுப்பா இழு."

இழுத்தாள். உறுமி அணைந்தது. மறுபடி இழுத்தாள். அணைந்தது. "என்ஜின்ல இருக்குத குமிழை வெளிய இழுத்துட்டுக் கயித்தை இழு" என்றார். அடுத்த இழுப்பில் பிடித்துக்கொண்டது.

"இப்பக் கைப்பிடியைப் பிடி. நீ அந்தப் பக்கம் தள்ளுனா படகு இந்தப் பக்கம் வரும். கரைக்கு எந்தப் பக்கம் தள்ளணும்?"

அவள் ஒரு கணம் யோசித்து, "இங்கன" என்று கையைக் காட்டினாள்.

"அதேதான். கொஞ்சமாத் திருகு. என்னையப் பாக்காத, கரையைப் பாரு."

அப்படியே வந்தோம். முன்பக்க விளிம்பில் அவர் தொங்கிக்கொண்டிருந்தார். சட்டையும் மிதவைச் சட்டையுமாகச் சேர்த்து நான் பற்றிக்கொண்டிருந்தேன். அவர் கனத்தில் படகு ஒருபக்கமாகச் சாய்ந்தே வந்தது. பின்னால் சுழலுகிற விசிறியில் அவர் கால் போய்விடக்கூடாது என்பதைத் தவிர எனக்கு வேறு நினைப்பு இல்லை. மகளின் முகத்தை நான் பார்க்கவில்லை. என்ஜின் சத்தம் ஏறாமல் இறங்காமல் ஒரே சீராகக் கேட்டதை வைத்துத்தான் அவள் அங்கே இருக்கிறாள் என்று தெரிந்தது. தோட்டத்துக்கு வெகுதூரம் தள்ளி, வாழைக்கன்றுகளுக்குள் படகு முட்டி நின்றது. கரையில் நின்றவர்கள் ஓடிவந்து தூக்கினார்கள்.

முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டு இடத்தில் உடைந்திருந்தது. பாளையங்கோட்டையில் ஆஸ்பத்திரியில் தகடு வைத்தார்கள். பார்க்க வந்தவர்களிடமெல்லாம் மகள் படகு ஓட்டியதைத்தான் அவர் சொன்னார். "முத தடவை கைப்பிடியைத் தொடுதா. ஒரு தப்பு செய்யலை" என்பார். என்னிடம் தனியாக, "நீ சொன்னதுதான் சரி. தாழ்ந்த படகா இருந்தா அந்தச் சாய்வுக்குத் தண்ணி உள்ள வந்திருக்கும்" என்றார். "நீங்க சொன்னதுதான் சரி. லேசா இருந்தா அங்கன நின்னுருக்கவே மாட்டோம்" என்றேன் நான். அவ்வளவு நாள் விட்டுக்கொடுக்காமல் நின்றவர்கள் இப்போது ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தோம். அதில் ஒரு ஆறுதலும் இல்லை.

மகள் ஆஸ்பத்திரிக்கு வந்து கட்டிலின் கால்மாட்டில் நின்றாள். அவர், "பயந்துட்டியாம்மா?" என்று கேட்டார்.

"நீங்க ரெண்டு பேரும் சண்டை போடாம இருந்தா தண்ணியை முன்னாலயே பாத்திருப்பிய" என்றாள். அதற்குப் பிறகு கட்டுப்போட்ட காலையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, வெளியே போய் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள்.

படகைத் தூத்துக்குடி வியாபாரியே திரும்ப எடுத்துக்கொண்டார். கால் கூடியது, ஆனால் நடையில் ஒரு சாய்வு நின்றுவிட்டது. கடையில் அதிக நேரம் குனிந்து உட்கார முடியவில்லை. அடுத்த வருடம் பழைய பட்டறையிலிருந்து விசா வந்தது. கடை ஓடவில்லை என்று ஊருக்குச் சொன்னார். என்னிடம், "இங்கன நான் யாருக்கு என்ன செய்யுதேன்னு எனக்கே தெரியலை" என்றார். போக வேண்டாம் என்று நான் சொன்னேன். ஒரு தடவைதான் சொன்னேன். அவர் கேட்டதும் கேட்காததுமாகச் சட்டைகளை மடித்தார். திருவனந்தபுரத்துக்கு வழியனுப்பப் போன காரில் முதல் தடவையாக மகளும் வந்தாள். இரண்டு பேரும் அவரவர் பக்கத்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தார்கள். அதன்பிறகு அவர் பல வருடம் அங்கேயே இருந்தார். மகள் கல்யாணத்துக்கு லீவில்தான் வந்தார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் தெருமுனை எஸ்.டி.டி. பூத்துக்கு அவர் போன் வரும். நானும் மகனும் போய்க் காத்திருப்போம். மகள் வீட்டுப்பாடம் இருக்கிறது என்பாள். அவர் திரும்பிப் போன அந்த வருடம் மழை தொடங்கியதும் அவளும் எங்களோடு வர ஆரம்பித்தாள். கண்ணாடிக் கதவுக்கு வெளியே குடையோடு நிற்பாள். ஒரு வெள்ளிக்கிழமை உள்ளே வந்து, நான் பேசி முடிக்கும் முன்பே கையை நீட்டினாள். ரிசீவரைக் கொடுத்தேன்.

நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு, "ஆமா, பெய்யுது" என்றாள். "இல்ல, கரைக்குள்ளதான் போகுது" என்றாள். இன்னும் கொஞ்சம் கேட்டுவிட்டு, "சரி" என்று ரிசீவரை என்னிடம் தந்தாள்.

திரும்பி வரும் வழியில், "அப்பா என்ன கேட்டாங்க?" என்றேன்.

"ஆத்துல தண்ணி எப்படிப் போகுதுன்னு கேட்டாங்க."

"அது ஒனக்கெப்படித் தெரியும்?"

"பஸ் ஆத்துப் பாலம் தாண்டும்போது தெனமும் பாக்கேன்லா" என்று சொல்லிவிட்டு, தம்பி நனைகிறான் என்று குடையை அவன் பக்கம் சாய்த்துப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தாள்.